பர்மா விடுதலைப் பேச்சுவார்த்தையில் செட்டியார் நிலம் ஏன் இடம்பெறவில்லை?

தேவகோட்டையைச் சொந்த ஊராகக் கொண்டு மதுரையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "எங்கள் ஐயாவுடைய தகப்பனாருக்குப் பர்மாவில் பெகு பக்கம் நானூறு ஏக்கர் நெல் வயல் இருந்ததாம். 1947-இல் லண்டனில் பர்மாவின் விடுதலையைப் பேசி முடித்தபோது, நம்மவர்கள் நிலத்தைப் பற்றி ஒரு வரி எழுதிக்கொள்ளக் கூடவா ஆள் இல்லை? டெல்லியில் அப்போது நேருதானே இருந்தார்? அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிலம் தப்பியிருக்காதா?" கேள்வியோடு, வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த பழைய காகிதக் கட்டு ஒன்றையும் கொண்டுவந்து என் முன் அவிழ்த்து வைத்தார். உறவினர்களுக்கும் காட்ட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நேரில் சொன்னதை விரித்து எழுதித் தருகிறேன்.

நான் பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியன் அல்லன். மதுரையில் நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். அந்தப் பழக்கத்தால், இரண்டு நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கையைப் படித்தாலும் எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார், சொத்து விவரத்தில் எது சேர்ந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகும். அப்படிப் படித்ததில் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரு வாய் திறந்திருந்தாலும் நிலம் தப்பியிருக்காது. கௌரவமான ஈட்டுத்தொகை ஒன்றை எழுத்தில் வாங்கி வைத்திருக்க மட்டும் ஒரு வாய்ப்பு இருந்தது. அதுவும் 1947 ஜனவரிக்கும் அக்டோபருக்கும் இடையில் கைநழுவிப் போயிற்று.

நிலம் எப்படி வந்தது என்பதை நினைவில் வைக்காமல் மேலே போக முடியாது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவுக்கு நிலம் வாங்கப் போகவில்லை, கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் வைத்து, மூன்றாண்டுக் கணக்கு முறையில், ரங்கூன் முகல் தெருவில் தொடங்கி ஐராவதி டெல்டாவின் சிற்றூர்கள் வரை வட்டிக்கடை நடத்தினார்கள். காடு திருத்தி நெல் விளைவித்த பர்மியக் குடியானவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் பணம் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார வங்கிகள் அவனை வாசலில் கூட நிறுத்தவில்லை. 1930-ஐ ஒட்டி அங்கே நகரத்தார் போட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அதன் பின் உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை விழுந்ததும் வட்டி நின்றது, அசலும் நின்றது, அடமான நிலங்கள் கடைக்காரர் பெயருக்கு மாறின. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த சாகுபடி நிலம் 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம், அதாவது சுமார் 24 லட்சம் ஏக்கர். ஏழே ஆண்டுகளில் நான்கு மடங்கு. ஊரில் இருந்த முதலாளிக்கு அது வராக் கடனுக்கு வந்த ஈடு, அதுவும் விற்க முடியாத ஈடு. வயலில் நின்றவனுக்கோ அது தன் பாட்டன் காடு வெட்டித் திருத்திய மண். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை என்பதால்தான் இந்த வழக்கு இவ்வளவு கடினமானது. எழுபது ஆண்டுகளாக நம் பக்கத்துக் கதையை மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கிறோம் என்பதையும் தம்பி மனத்தில் கொள்ள வேண்டும்.

1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள், பெரும்பாலோர் கால்நடையாக, மலை வழியே தப்பி வந்தார்கள். செட்டியார் கடைகளின் ஆட்கள் பேரேடுகளையும் அடமானப் பத்திரங்களையும் முடிந்த மட்டும் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். பத்திரம் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்தது. நிலம் பெகுவிலேயே இருந்தது. மூன்றாண்டுக் காலம் குத்தகை கேட்க ஆள் இல்லாமல் உழுதவன், போர் முடிந்து மறுபடி வந்து நின்றவரை நிலச் சொந்தக்காரராக ஏற்கும் மனநிலையில் இல்லை. லண்டன் பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே நிலத்தின் நிலவரம் இப்படித்தான் இருந்தது.

இனிப் பேச்சுவார்த்தைக்கு வருகிறேன். 1945 மே மாதம் பிரிட்டன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பர்மாவை முதலில் ஆளுநரின் நேரடி ஆட்சியில் வைத்து, பிறகு படிப்படியாகத் தன்னாட்சிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னது. ஆங் சான் தலைமையிலான பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலைக் கழகம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆளுநர் டோர்மன்-ஸ்மித் திருப்பி அழைக்கப்பட்டு, ஹியூபர்ட் ரான்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். 1946 செப்டம்பரில் ரங்கூன் போலீஸ்காரர்களே வேலைநிறுத்தத்தில் இறங்க, அது மற்ற ஊழியர்களுக்கும் பரவியது. அந்த மாதக் கடைசியிலேயே ஆளுநரின் நிர்வாகக் குழு மாற்றி அமைக்கப்பட்டு ஆங் சான் அதில் துணைத் தலைவரானார்.

இந்த இடத்தில் தம்பி கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பர்மாவை அடக்கி வைப்பதற்கு பிரிட்டனிடம் இருந்த கை இந்தியப் படைதான். 1946 செப்டம்பர் 2-ஆம் தேதி டெல்லியில் நேருவின் இடைக்கால அரசு பதவியேற்ற பிறகு, அந்தப் படையைப் பர்மியர்களுக்கு எதிராக இறக்குவது நடவாத காரியம் என்பது லண்டனுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே நேருவின் வார்த்தை அந்த மேசையில் இல்லாமல் இல்லை. அது பர்மாவின் விடுதலைக்காகச் செலவாயிற்று. அதே வாயால் "எங்கள் முதலாளிகளின் வயலை மட்டும் விட்டுவையுங்கள்" என்று கேட்டிருந்தால், அந்தச் சொல்லுக்கு ரங்கூனில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1946 டிசம்பர் 20-ஆம் தேதி பிரிட்டிஷ் பிரதமர் அட்லி நாடாளுமன்றத்தில் பர்மியத் தூதுக்குழுவுக்கு அழைப்பு விடுத்தார். ஆங் சான் லண்டன் போகும் வழியில் டெல்லியில் இறங்கி நேருவைச் சந்தித்தார். லண்டன் குளிருக்குப் போதாத உடையோடு வந்தவருக்கு நேரு ஒரு கனத்த கோட்டுக்கு ஏற்பாடு செய்தார் என்று சொல்வதுண்டு. அந்த நீளக் கோட்டோடு ஆங் சான் நிற்கும் படம் பர்மியர் வீடுகளில் சாமி படம் போல மாட்டப்பட்ட ஒன்று. ஜனவரி 13-இல் தொடங்கிய பேச்சு இரண்டே வாரத்தில் முடிந்து, 27-ஆம் தேதி கையெழுத்தானது. இந்தியாவுக்கு வந்து போன தூதுக்குழுக்களையும் மாநாடுகளையும் எண்ணிப் பார்த்தால் இந்த வேகம் வியப்பைத் தரும்.

அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவை இவை: ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல், அதுவரை இருக்கும் அரசை, டெல்லியின் இடைக்கால அரசுக்கு நிகராக நடத்துதல், ஷான், கச்சின், சின் முதலிய எல்லைப்புற மக்களின் மனமொப்பிய இசைவோடு அப்பகுதிகளை இணைத்தல், ஐக்கிய நாடுகள் சபையில் பர்மா சேர பிரிட்டன் துணை நிற்றல், படை, நிதி பற்றிய ஏற்பாடுகள். தூதுக்குழுவில் இருந்த ஊ சாவும் தக்கின் பா செயினும் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். எல்லைப்புறப் பகுதிகளின் விவகாரம்தான் இரு தரப்புக்கும் பெரும் கவலையாக இருந்தது. பிப்ரவரி 12-இல் பாங்லோங்கில் அது ஒருவாறு பேசி முடிக்கப்பட்டது. கரேன் மக்கள் அதில் கையெழுத்திடவில்லை. அதன் விலையை அந்த நாடு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பத்திரக்காரன் கண்ணால் பார்த்தால், ஜனவரி ஒப்பந்தம் ஒரு கிரயப் பத்திரம் அன்று. கிரயம் செய்துகொள்ளப் போட்ட உடன்படிக்கை. அதில் நிலம், கடன், குத்தகை என்று எவருடைய சொத்தும் வரவில்லை, வெள்ளைக்காரர் சொத்து உட்பட. ஆகவே "நம்மவர் நிலத்தைப் பற்றி ஒரு வரி இல்லையே" என்று ஜனவரி ஒப்பந்தத்தின் மேல் குறை சொல்வது பொருந்தாது. சொத்து பேசப்பட்டது அக்டோபரில்தான்.

அதற்குள் நிறைய நடந்துவிட்டது. ஏப்ரல் தேர்தலில் ஆங் சானின் கழகம் ஏறத்தாழ எல்லா இடங்களையும் வென்றது. ஜூலை 19-ஆம் தேதி காலையில், ரங்கூன் தலைமைச் செயலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஆங் சானும் அமைச்சர்கள் ஆறு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுடுவித்தவர், ஜனவரியில் கையெழுத்திட மறுத்த அதே ஊ சா. இறந்தவர்களில் ஊ ரசாக், இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்த முஸ்லிம். மாந்தலே பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். பர்மிய விடுதலையில் இந்திய ரத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

பின் தலைமை தக்கின் நு கைக்கு வந்தது. 1947 அக்டோபர் 17-ஆம் தேதி அவரும் அட்லியும் லண்டனில் கையெழுத்திட்டதுதான் உண்மையான கிரயப் பத்திரம். பர்மா காமன்வெல்த்துக்கு வெளியே, முழு விடுதலை பெற்ற நாடாக ஏற்கப்பட்டது. பர்மா தரவேண்டிய கடனில் 150 லட்சம் பவுனை பிரிட்டன் தள்ளிக் கொடுத்தது. அந்த உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களில், பர்மாவில் தொழில் நடத்தும் பிரிட்டிஷ் நிறுவனங்களின் நலனுக்கு ஊறு செய்யும் நடவடிக்கையை, புதிய அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு, தவிர்ப்பதாகவும், சொத்தை எடுக்க நேர்ந்தால் நியாயமான ஈடு தருவதாகவும் பர்மிய அரசு வாக்களித்தது. எண்ணெய்க் கிணறும் தேக்குக் காடும் நீராவிக் கப்பலும் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கடிதம் ஒரு காப்பு. நாடு கைமாறும் கடைசி நாளிலும் வெள்ளைக்காரன் தன் ஆட்களுக்கு வேண்டியதை எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்தவன் செய்ய வேண்டிய வேலை அது.

செட்டியாருக்காக அதைச் செய்ய யார் இருந்தார்கள்? 1935-ஆம் ஆண்டு பர்மா அரசுச் சட்டத்தின்படி, இந்தியாவிலிருந்து போனவரும் பிரிட்டிஷ் குடிமகன் என்ற முறையில் பாரபட்சத்துக்கு எதிரான பாதுகாப்பைப் பெற்றிருந்தார். ஜனவரி 27-ஆம் தேதி அவர் லண்டன் அரசின் குடை நிழலில்தான் இருந்தார். ஆகஸ்ட் 15-ஆம் தேதி இந்தியா தனி நாடானது. அக்டோபர் 17-ஆம் தேதி பிரிட்டன் தன் நாட்டு நலனைப் பற்றி மட்டும் பேசியது. இந்தியரைப் பற்றிப் பேச அதற்குக் கடமையும் இல்லை, ஆசையும் இல்லை. பேச வேண்டிய இந்தியா அந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பே அன்று. ஜனவரிப் பத்திரத்தில் சொத்து விவரம் இல்லை, அக்டோபர்ப் பத்திரத்தில் செட்டியார் தரப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவில் 24 லட்சம் ஏக்கர் விழுந்துவிட்டது. டெல்லி, அக்டோபருக்கு முன்பே ரங்கூனோடு தனியாக ஒரு கடிதப் பரிமாற்றம் செய்துகொண்டு, "எடுத்தால் ஈடு" என்ற ஒற்றை வாக்கியத்தையாவது வாங்கியிருக்கலாம். நான் சொன்ன வாய்ப்பு அதுதான். ஆனால் 1947 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் டெல்லி எந்தத் தீயில் நின்றுகொண்டிருந்தது என்பதை நினைத்தால், கோபப்படவும் மனம் வரவில்லை.

இதற்கிடையே ரங்கூனில் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குத்தகையை நிலவரியின் இரு மடங்குக்கு மேல் போகாமல் கட்டியது. இன்னொன்று குடியானவர்களின் பழைய கடன்களில் கைவைத்தது. வேறொன்று, பர்மாவுக்குள் வரவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. செப்டம்பர் 24-இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, நிலம் அனைத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசே என்று அறிவித்தது. 1948 ஜனவரி 4-ஆம் தேதி, சோதிடர் குறித்த நேரமான விடிகாலை 4.20 மணிக்குக் கொடி மாறியது. அந்த ஆண்டு அக்டோபரில் நில தேசியமயச் சட்டம் வந்தது. உள்நாட்டுச் சண்டை மூண்டதால் அது முதலில் சிரியம் வட்டாரத்தோடு நின்றுபோய், 1953-க்குப் பிறகுதான் பரவலாக நடைமுறைக்கு வந்தது; அந்த ஐந்தாண்டு இடைவெளியில் நம்மவர்கள் வீணான நம்பிக்கையோடு காத்திருந்தார்கள்.

நேருவைப் பற்றித் தம்பி கேட்டதற்கு இப்போது நேராகப் பதில் சொல்லலாம். இந்திய அரசு நியாயமான ஈட்டுத்தொகை கேட்டது. நிலத்தை எடுப்பதே தவறு என்று அது வாதாடவில்லை, வாதாடவும் முடியாது. 1948-இல் சென்னை மாகாண அரசே எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து ஜமீன்களை எடுத்துக்கொண்டிருந்தது. நமக்குக் கிழக்கே சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் பொருந்திய சட்டம் அது. தேவகோட்டையில் தெருவுக்குத் தெரு ஜமீன் ஒழிப்பைப் பற்றிப் பேச்சு நடந்த அதே மாதங்களில், பெகுவில் ஊரில் இல்லாத முதலாளியின் நிலத்தைப் பர்மிய அரசு எடுக்கக் கூடாது என்று டெல்லி எந்த முகத்தோடு சொல்லும்? ஆங் சான் உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று சில பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிலத்தை அரசுடைமையாக்கும் எண்ணம் அவர் காலத்திலேயே கழகத்தின் திட்டத்தில் இருந்தது. தங்களுக்குள் அடித்துக்கொண்ட பர்மியக் கட்சிகள் எல்லாம் ஒத்துப்போன விஷயமும் அது ஒன்றுதான்.

நிலம் இல்லாமல் உழைப்பை மட்டும் கொண்டு போனவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டும். 1942-க்கு அல்லது விடுதலை நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளில் எட்டாண்டு பர்மாவில் வாழ்ந்தவர் குடியுரிமை கேட்கலாம் என்று அரசியல் சட்டம் இடம் கொடுத்தது. மனுப் போட்டவர் குறைவு. 1964-இல் கடைகள் அரசுடைமையாகி, பர்மிய நாணயமான சாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாமல் போனபோது, உடுத்த துணியோடு கப்பலேறி வந்தவர்கள் அவர்களே. காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயரும், விருதுநகரில் பர்மா கடை என்ற பெயர்ப் பலகையும் அந்த வருகையின் தடங்கள்.

கடைசியாக, தம்பி கொண்டுவந்த கட்டு. அதில் இருந்த காகிதங்களுக்கு இன்று எந்த நீதிமன்றத்திலும் மதிப்பு இல்லை. "பர்மா சொத்தை மீட்டுத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்டு வருபவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். காகிதங்களை நெகிழிப் பையில் போட்டு அடைக்காமல், வெள்ளைத் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும். கட்டில் ஏழாவதாக இருந்தது பர்மிய மொழியில் அச்சிட்ட நிலவரி ரசீது. அதன் பின்பக்கம் பென்சிலில், கடை ஆள் எழுதியிருந்த ஒன்றரை வரியைத் தம்பியால் படிக்க முடியவில்லை. "விய" என்பதைச் செலவு என்று எண்ணி, பக்கத்தில் தொகையைத் தேடியிருக்கிறார். அது விய வருஷம். அடுத்து இருக்கும் சுழிகள் பழைய கணக்குகளில் வருஷத்துக்கும் மாதத்துக்கும் போடும் குறிகள், நடுவில் இருப்பது தை. லண்டனில் ஆங் சானும் அட்லியும் கையெழுத்திட்டதும் அதே விய வருஷம், அதே தை மாதம். மீதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்: "நெல் அளக்கவில்லை. நிலம் தன்னது என்கிறான். வரி நாம் கட்டியது."